தனிம மூலக்கூறும் சேர்ம மூலக்கூறும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அணுக்களும் மூலக்கூறுகளும் பாடம் வந்துவிட்டால் ஒவ்வொரு வருஷமும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் வரும், கேட்கிற பிள்ளை மட்டும் மாறும். சில சமயம் கூட்டிப்போக வருகிற அம்மா அப்பாவே வாசலில் நின்று கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதற்கு எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரே மூச்சில் சொன்னால் என்ன வித்தியாசம்?

ஒரே ஒரு மூலக்கூறை எடுத்து உள்ளே பாருங்கள். அதிலிருக்கும் அணுக்கள் எல்லாம் ஒரே தனிமத்தின் அணுக்கள் என்றால் அது தனிம மூலக்கூறு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்களின் அணுக்கள் இருந்தால் சேர்ம மூலக்கூறு. ஆக்ஸிஜன் வாயுவின் மூலக்கூறில் இரண்டு அணு, இரண்டும் ஆக்ஸிஜன். தண்ணீர் மூலக்கூறில் மூன்று அணு, இரண்டு ஹைட்ரஜன், ஒன்று ஆக்ஸிஜன். வரையறை இவ்வளவுதான், இதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இதை வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகும்போதுதான் ஆரம்பிக்கிறது.

ஆக்ஸிஜனில் இரண்டு அணு சேர்ந்துதானே இருக்கிறது? சேர்ந்திருந்தால் சேர்மம்தானே?

எப்போதும் முதலில் வருகிற கேள்வி. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, சொல்லே அப்படி அமைந்திருக்கிறது: 'சேர்' என்று ஆரம்பித்தால் எது சேர்ந்தாலும் சேர்மம் என்றுதான் மனது நினைக்கும்.

எத்தனை அணு என்பது ஒரு கேள்வி, எத்தனை வகை அணு என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடைக்கு நம் பாடப்புத்தகத்தில் அணுக்கட்டு எண் என்று பெயர். தனிமமா சேர்மமா என்று தீர்மானிப்பதில் அதற்கு எந்தப் பங்கும் கிடையாது. கந்தகத்தின் மூலக்கூறில் எட்டு அணுக்கள் கிரீடம் மாதிரி மேலும் கீழுமாக வளைந்த ஒரு வளையத்தில் கோத்து நிற்கின்றன, ஆனாலும் அது தனிமம். கார்பன் மோனாக்சைடில் மொத்தமே இரண்டு அணு, அது சேர்மம். 1985-ல் கண்டுபிடித்த ஃபுல்லரீனில் 60 கார்பன் அணுக்கள் கால்பந்து வடிவத்தில் இருக்கின்றன, கண்டுபிடித்தவர்களுக்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது, அவ்வளவு பெரிய மூலக்கூறும் தனிம மூலக்கூறுதான்.

நான் இதற்கு ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலையும் பல்குச்சியும் எடுத்துப் போவேன். தண்ணீர் செய்யும்போது பெரிய வெள்ளைக் கடலை ஆக்ஸிஜன், சின்னக் கறுப்புக் கடலை ஹைட்ரஜன், வேறு மூலக்கூறு செய்யும்போது அதே கடலைகள் வேறு தனிமங்களாகிவிடும். ஊறிய கடலையில் குச்சி சுலபமாக இறங்கும், மறுநாள் காய்ந்து சுருங்கும்போது கடலையே குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஒரு வாரம் ஆனாலும் கழன்று வராது. போன வருஷம் ஒரு பையன் கந்தகத்துக்காக எட்டு வெள்ளைக் கடலையையும் வளையமாகக் கோத்து முடித்துவிட்டு அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "இவ்ளோ பெரிசா இருக்கு, இதுவா மிஸ் தனிமம்?" என்றான். பக்கத்தில் இரண்டே கடலையோடு கார்பன் மோனாக்சைடு செய்து வைத்திருந்த பெண், "கலரப் பாருடா, சைஸப் பாக்காத" என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரே மாதிரி அணு எதற்காகத் தன் ஜோடியைத் தேட வேண்டும்? தனியாக இருந்தால் என்ன?

தனியாக இருப்பது அதற்குச் சிரமம். ஹைட்ரஜன் அணுவிடம் ஒரே ஒரு எலக்ட்ரான், வெளிக்கூடு நிறைய இன்னொன்று வேண்டும். பக்கத்தில் இன்னொரு ஹைட்ரஜன் வந்தால் ஆளுக்கொன்றைப் பொதுவில் வைத்து இரண்டுமே நிறைவாகிவிடுகின்றன. ஆக்ஸிஜனுக்கு இரண்டு குறை, ஆகவே இரண்டு ஜோடி எலக்ட்ரான்களைப் பகிர்கிறது. நைட்ரஜனுக்கு மூன்று குறை, மூன்று ஜோடி. இந்தப் பகிர்வுக்குத்தான் சகப்பிணைப்பு என்று பெயர். இதில் கவனிக்க வேண்டியது, தண்ணீரில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் பிடித்துக்கொண்டிருப்பதும் இதே பிணைப்பால்தான். தனிம மூலக்கூறுக்கு ஒரு வகைப் பசை, சேர்ம மூலக்கூறுக்கு வேறு வகைப் பசை என்றெல்லாம் கிடையாது.

தன் இனத்தோடு சேர்ந்தால் பிடிப்பு தளர்வாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் ஓர் அளவு) ஹைட்ரஜன் மூலக்கூறுகளை அணுக்களாகப் பிரிக்க 436 கிலோஜூல் வேண்டும், ஆக்ஸிஜனுக்கு 498, நைட்ரஜனுக்கு 945. இந்த 945-தான் விவசாயியின் பையில் கை வைக்கிறது. வயலைச் சுற்றியிருக்கிற காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், ஆனால் நெற்பயிரால் அந்தப் பிணைப்பை உடைக்க முடியாது, அதனால் மூட்டை மூட்டையாக யூரியா வாங்கிப் போடுகிறோம். அந்த யூரியாவுக்கு மூலமான அம்மோனியாவைச் செய்யத் தொழிற்சாலையில் இரும்பு வினையூக்கி, 400 டிகிரிக்கு மேல் சூடு, வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தம் எல்லாம் தேவைப்படுகிறது. ஆனால் உளுந்துச் செடியின் வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா இதே வேலையை வயலின் சாதாரண வெப்பத்தில் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகிறது. டெல்டாவில் நெல் அறுவடையை ஒட்டி உளுந்து விதைப்பதில் இந்த லாபமும் அடங்கியிருக்கிறது.

கார்பன் டை ஆக்சைடில்கூட ஆக்ஸிஜன் இருக்கிறதே, அதை ஏன் சுவாசிக்க முடியாது? மீன் மட்டும் தண்ணீரிலிருந்து ஆக்ஸிஜன் எடுக்கிறதே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் இதற்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்தால் பாடமே முடிந்த மாதிரி.

"ஆக்ஸிஜன்" என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளில் புழங்குகிறோம். ஒன்று, ஆக்ஸிஜன் அணு. இன்னொன்று, இரண்டு ஆக்ஸிஜன் அணுக்கள் சேர்ந்த ஆக்ஸிஜன் மூலக்கூறு. கார்பன் டை ஆக்சைடில் இருப்பது முதலாவது, அதுவும் கார்பனோடு இறுகிப் பிணைந்த அணுக்கள். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஏற்றிச் செல்வது இரண்டாவதை, அதாவது முழு மூலக்கூறை. மருத்துவமனையில் "ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லும்போதும் அந்த மூலக்கூறைத்தான் சொல்கிறோம்.

அப்படியானால் மீன்? மீன் தண்ணீர் மூலக்கூறை உடைத்து அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்குவதில்லை. பெரியவர்களே நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காற்றிலிருக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் கொஞ்சம் தண்ணீரில் கரைந்து, தண்ணீர் மூலக்கூறுகளுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அலைந்துகொண்டிருக்கும், செவுள் அவற்றைத்தான் பிடிக்கிறது. அது ரொம்பக் குறைச்சல்: நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் எட்டு மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும், சூடு ஏற ஏற இன்னும் குறையும். தண்ணீர் மூலக்கூறிலிருந்தே எடுக்க முடியும் என்றால் ஒரு லிட்டரில் எடைக்கணக்கில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஆக்ஸிஜன் இருக்கிறது, கிட்டத்தட்ட 890 கிராம், எந்த மீனுக்கும் மூச்சு முட்டவே முட்டாது. இறால் பண்ணைப் பக்கம் போயிருந்தால் குட்டையில் துடுப்புச் சக்கரங்கள் ராத்திரி முழுக்கத் தண்ணீரை அடித்துக் கிளப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரச் செலவு பார்க்காமல் அவர்கள் அதை ஓட்டுவது லிட்டருக்கு அந்தச் சில மில்லிகிராமுக்காகத்தான். வீட்டு மீன்தொட்டியில் குமிழி விடும் சின்ன மோட்டாரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

தண்ணீர் கொதிக்கும்போது வருகிற குமிழிகள் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும்தானே?

இல்லை. கொதிக்கிற குமிழிக்குள் இருப்பது நீராவி, அதாவது அதே தண்ணீர் மூலக்கூறுகள், ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கின்றன, அவ்வளவுதான். ஒரு மூலக்கூறுகூட உடைவதில்லை. அது ஹைட்ரஜனாக இருந்தால் கேஸ் அடுப்பில் வெந்நீர் போடுகிற ஒவ்வொரு வீடும் என்றைக்கோ வெடித்திருக்கும். அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்தில், கொதி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, பாத்திரத்தின் அடியிலும் ஓரத்திலும் குட்டிக் குட்டியாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அது வேறு. அது கரைந்திருந்த காற்று வெளியே வருவது, மேலே சொன்ன மீனின் காற்று. அதில் நைட்ரஜன் மூலக்கூறும் ஆக்ஸிஜன் மூலக்கூறும் இருக்கும். ஆக ஒரே பாத்திரத்தில் முதலில் வருவது பெரும்பாலும் தனிம மூலக்கூறுகள், அப்புறம் கொதித்து வருவது சேர்ம மூலக்கூறுகள்.

தண்ணீர் மூலக்கூறை நிஜமாகவே உடைத்துப் பார்க்க வீட்டில் வழி இருக்கிறதா?

இருக்கிறது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு பக்கமும் சீவிய இரண்டு பென்சில், இரண்டு துண்டு ஒயர், ஒரு கண்ணாடி டம்ளர். தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலக்குங்கள், வெறும் தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. ஓர் அட்டையில் இரண்டு துளை போட்டு, பென்சில்களை அதில் செருகி, டம்ளர் மேல் வைத்து, மேல் முனைகளைப் பேட்டரியோடு இணைத்துவிடுங்கள். சாப்பாட்டு உப்பு போடாதீர்கள், குளோரின் வாயு வரும். பேட்டரிக்குப் பதிலாகச் சுவர் பிளக்கில் கை வைக்கவே கூடாது.

சில நொடிகளில் இரண்டு பென்சில் முனையிலும் குமிழி கட்ட ஆரம்பிக்கும். எதிர்முனையோடு இணைத்த பென்சிலில் பொங்கிப் பொங்கி வரும், அது ஹைட்ரஜன். நேர்முனையில் சோம்பலாக வரும், அது ஆக்ஸிஜன். கணக்குப்படி இரண்டுக்கு ஒன்று. பென்சிலில் செய்தால் ஆக்ஸிஜனில் கொஞ்சம் அந்தக் கரியையே தின்றுவிடும், அதனால் சரியாக 2:1 வராது. ஆனால் எது அதிகம் என்று பார்க்க அளவுகோல் தேவையில்லை, கண்ணே போதும். 1800-ல் நிக்கல்சனும் கார்லைலும் லண்டனில் மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்ததும் அடிப்படையில் இதே வேலைதான். வோல்டாவின் மின்கலம் பற்றிய செய்தி வந்த அதே வருஷம்.

சேர்மத்தை உடைத்தால் தனிமம் கிடைக்கும். தனிம மூலக்கூறை உடைத்தால் அதே தனிமத்தின் அணுக்கள் கிடைக்கும், புதிதாக வேறொன்றும் கிடைக்காது. மனப்பாடம் செய்தே ஆக வேண்டும் என்றால் இதைச் செய்துகொள்ளுங்கள்.

ஆக்ஸிஜன் மூலக்கூறில் இரண்டு அணு என்று கண்ணால் பார்க்காமலே எப்படிச் சொன்னார்கள்?

இது ஐம்பது வருஷச் சண்டை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அணுக்கொள்கையைக் கொடுத்த டால்டன், தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்ஸிஜனும் இருப்பதாக நினைத்தார். ஒரே வகை அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும், எனவே ஆக்ஸிஜனும் ஆக்ஸிஜனும் கைகோக்கவே முடியாது என்பது அவர் கட்சி. 1808-ல் பிரான்ஸில் கேலூசாக் வாயுக்களின் பருமனை அளந்து சொன்னார்: இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்ஸிஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு நீராவி வருகிறது. மூன்று இல்லை, ஒன்று இல்லை, இரண்டு.

இப்போது 1811-க்கு வாருங்கள். இத்தாலியில் அவகாட்ரோ, ஒரே வெப்பநிலை ஒரே அழுத்தத்தில் சம பருமனுள்ள எந்த வாயுவிலும் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்றார். அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு டம்ளர் ஆக்ஸிஜனில் 100 துகள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டு டம்ளர் ஹைட்ரஜனில் 200, கிடைத்த இரண்டு டம்ளர் நீராவியிலும் 200. அந்த 200 நீராவித் துகள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஆக்ஸிஜன் இருந்தாக வேண்டும், ஆனால் நாம் போட்ட ஆக்ஸிஜன் துகள் 100-தானே? ஒவ்வோர் ஆக்ஸிஜன் துகளும் இரண்டாகப் பிரிந்தால்தான் எல்லாருக்கும் எட்டும். அணு பிரியாது என்றால், பிரிந்தது அணு இல்லை, இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. கடலையும் குச்சியும் வைத்து இதைச் செய்யச் சொன்னால் பத்து நிமிஷத்தில் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள், ஆனால் அன்றைக்குப் பெரிய பெரிய வேதியியலாளர்கள் ஏற்கவில்லை.

அவகாட்ரோ 1856-ல் இறந்துபோனார். நான்கு வருஷம் கழித்து, 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடிய மாநாட்டில் அவருடைய நாட்டுக்காரரான கன்னிசாரோ இந்தக் கருத்தை எடுத்துப் பேசினார், அவர் 1858-ல் எழுதிய சிறு கட்டுரையின் பிரதிகளும் அங்கே விநியோகிக்கப்பட்டன. கேட்டவர்களில் மெண்டலீவும் ஒருவர். தனிம மூலக்கூறு என்ற ஒன்று இருக்க முடியும் என்று ஒப்புக்கொண்டபிறகுதான் அணு நிறைகள் ஒழுங்குக்கு வந்தன, ஒன்பது வருஷத்தில் மெண்டலீவின் தனிம வரிசை அட்டவணையும் வந்தது. பாடப்புத்தகத்தில் இந்தக் கதைக்கு இரண்டு வரிதான் கொடுப்பார்கள், எனக்கு அது மனக்குறை.

ஓசோன் சேர்மமா?

இல்லை, மூன்று ஆக்ஸிஜன் அணுக்கள் சேர்ந்த தனிம மூலக்கூறு. ஒரே தனிமம் இப்படி வேறு வேறு உருவில் இருப்பதற்குப் புறவேற்றுமை வடிவங்கள் என்று பெயர். ஓர் அணு கூடியதற்கே குணம் தலைகீழாகிவிடுகிறது: ஆக்ஸிஜனுக்கு மணமில்லை, ஓசோனுக்குக் காரமான நெடி உண்டு. ஜெராக்ஸ் மெஷின் நாள் முழுக்க ஓடுகிற சின்னக் கடையில் சில சமயம் வருமே, அதுதான். மேலே வளிமண்டலத்தில் இருந்தால் புறஊதாக் கதிரைத் தடுத்து நம்மைக் காக்கும், கீழே மூச்சில் ஏறினால் நுரையீரலைக் கெடுக்கும்.

இதைவிட நல்ல உதாரணம் தீப்பெட்டிக்குள் இருக்கிறது. வெள்ளைப் பாஸ்பரஸின் மூலக்கூறில் நான்கு அணுக்கள், நான்முகியின் நான்கு மூலையிலும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். பிணைப்புகளுக்கு நடுவில் 60 டிகிரிதான் கோணம், நிம்மதியில்லாத இருப்பு, அதனால் முப்பது டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே காற்றில் தானாகப் பற்றிக்கொள்ளும், தண்ணீருக்கடியில்தான் வைத்திருப்பார்கள். அதே பாஸ்பரஸ் அணுக்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் சிவப்புப் பாஸ்பரஸ், 240 டிகிரி அளவுக்குச் சூடு ஏறினால்தான் பற்றும். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டிகளின் ஓரத்தில் தடவியிருப்பது கண்ணாடித்தூளோடு கலந்த இந்தச் சிவப்புதான். குச்சி உரசுகிற சூட்டில் அதில் துளியூண்டு வெள்ளையாக மாறிப் பற்ற, அந்தத் தீ குச்சித் தலையிலிருக்கும் மருந்துக்குத் தாவுகிறது. வெள்ளையும் தனிமம், சிவப்பும் தனிமம், ஆனால் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம், இன்னொன்றை முடியாது.

ஹீலியம், ஆர்கான் எல்லாம்?

அவற்றுக்கு வெளிக்கூடு ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, யாரோடும் பகிர வேண்டிய அவசியமில்லை. தனி அணுவாகவே திரிகின்றன. காற்றில் 0.93 சதவீதம் ஆர்கான், ஒற்றை ஒற்றை அணுவாக. பாடப்புத்தகம் இதை ஓரணு மூலக்கூறு என்று சொல்லும், குறைந்தது இரண்டு அணு இருந்தால்தான் மூலக்கூறு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. பரீட்சைக்குப் பாடப்புத்தகம் சொல்வதை எழுதுங்கள், வாதத்தைக் கல்லூரியில் வைத்துக்கொள்ளலாம்.

உப்பின் மூலக்கூறு எப்படி இருக்கும்?

உப்புக்கு மூலக்கூறே கிடையாது. தூத்துக்குடி உப்பளத்திலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து எவ்வளவு நுணுக்கிப் பார்த்தாலும் "இதோ ஒரு சோடியம், ஒரு குளோரின், இந்த ஜோடி தனி" என்று பிரித்துக் காட்ட முடியாது. அங்கே இருப்பவை அயனிகள், அதாவது எலக்ட்ரானை இழந்தோ வாங்கியோ மின்னூட்டம் பெற்ற அணுக்கள்: ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனி (குளோரினின் அயனி), ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம், இப்படியே கல்லின் ஓரம்வரை போகும். யார் ஜோடி யார் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் மட்டும் மாறாது, அந்த விகிதத்தைத்தான் வாய்பாடாக எழுதுகிறோம். அதனால்தான் உப்பின் 58.5-ஐ மூலக்கூறு நிறை என்று சொல்லாமல் வாய்பாட்டு நிறை என்று சொல்வது சரி.

எல்லாச் சேர்மத்துக்கும் மூலக்கூறு இருக்கும் என்று எழுதினால் தவறு. அதேபோல எல்லாத் தனிமத்துக்கும் மூலக்கூறு உண்டு என்பதும் தவறு: தங்க மோதிரத்தில், இரும்பு ஆணியில், வைரத்தில் தனித்தனி மூலக்கூறுகள் இல்லை, அணுக்கள் ஒரே கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆற்று மணல்கூட இந்த ரகம்தான், சிலிக்கானும் ஆக்ஸிஜனும் முடிவில்லாமல் பின்னிக்கொண்ட சேர்மம்.

உப்பில் குளோரின் இருக்கிறது என்கிறார்கள், குளோரின் விஷவாயுதானே? சாப்பிடலாமா?

ஒரு அம்மா நிஜமாகவே கவலையோடு கேட்டது. விஷவாயு என்பது இரண்டு குளோரின் அணுக்கள் சேர்ந்த தனிம மூலக்கூறு, 1915-ல் முதல் உலகப்போரில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்குப் பக்கத்தில் சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டார்களே, அது. உப்பில் இருப்பது ஓர் எலக்ட்ரான் கூடுதலாக வாங்கி அடங்கிப்போன குளோரைடு அயனி. தனிமத்தின் குணம் சேர்மத்துக்குள் கூடவே வராது. அளவோடு சாப்பிடுங்கள், அது வேறு காரணத்துக்காக.

ஆனால் இதன் மறுபக்கம் கவலைப்பட வேண்டியதுதான். குளோரின் அணு உள்ள சேர்மங்களிலிருந்து குளோரின் வாயு திரும்பவும் வெளியே வர முடியும். பாத்ரூம் கழுவும்போது ப்ளீச்சிங் பவுடரையும் டாய்லெட் கழுவுகிற ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் வருவது அதே வாயு. என் சொந்தக்காரர் ஒருவர் பளிச்சென்று ஆகும் என்று அப்படிச் செய்து, கதவைச் சாத்திக்கொண்டு வேறு கழுவி, இருமியபடி வெளியே ஓடிவந்தார். இரண்டு நாள் தொண்டை சரியாகவில்லை.

ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் ஒரே பலூனில் அடைத்தால் அது சேர்மமா?

கலவை. உள்ளே ஹைட்ரஜன் மூலக்கூறு தனி, ஆக்ஸிஜன் மூலக்கூறு தனி, மோதிக்கொள்ளும், விலகும், யாரும் ஜோடி மாற்ற மாட்டார்கள். ஒரு பொறி பட்டால்தான் பழைய பிணைப்புகள் உடைந்து புதியவை உருவாகும், 'டமார்' என்று, மிஞ்சுவது நீராவி. காற்றும் இப்படித்தான், பெரும்பகுதி தனிம மூலக்கூறுகளின் கலவை, நடுவில் கார்பன் டை ஆக்சைடு, நீராவி என்று கொஞ்சம் சேர்ம மூலக்கூறுகள். கலவையில் விகிதம் இஷ்டத்துக்கு மாறலாம், சேர்மத்தில் முடியாது: தண்ணீர் காவிரியிலிருந்து வந்தாலும் கங்கையிலிருந்து வந்தாலும் எடையில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்ஸிஜன் எட்டு.

அதே தனிமங்கள், ஆனால் வேறு சேர்மம் என்று வருமா?

தாராளமாக. தண்ணீரில் இன்னும் ஓர் ஆக்ஸிஜன் அணு கூடினால் ஹைட்ரஜன் பெராக்சைடு, புண்ணில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருகிற மருந்து. குளுக்கோஸிலும் ஃப்ரக்டோஸிலும் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்ஸிஜன் 6 என்று எண்ணிக்கைகூட ஒன்றேதான், கோத்த விதம் மட்டும் வேறு. தேனில் இரண்டும் இருக்கின்றன.

ஒரு சாதா ஹைட்ரஜனும் ஒரு டியூட்டீரியமும் சேர்ந்தால்? இரண்டு வேறு அணுக்கள்தானே?

கெட்டிக்காரக் கேள்வி. டியூட்டீரியத்தின் அணுக்கருவில் ஒரு நியூட்ரான் கூடுதல், எடை இரண்டு மடங்கு, ஆனால் புரோட்டான் ஒன்றுதான். எது எந்தத் தனிமம் என்பதைப் புரோட்டான் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது, அதனால் இதுவும் ஹைட்ரஜன்தான், அந்த மூலக்கூறும் தனிம மூலக்கூறுதான். அணு உலைகளில் பயன்படும் கனநீரில் அதே டியூட்டீரியம் ஆக்ஸிஜனோடு சேர்ந்திருக்கிறது, ஆகவே அது சேர்மம்.

இலங்கைப் புத்தகத்தில் மூலகம், சேர்வை என்று இருக்கிறதே, அது வேறா?

ஒன்றேதான். இங்கே தனிமம், அங்கே மூலகம். இங்கே சேர்மம், அங்கே சேர்வை. ஆக்ஸிஜன் அங்கே ஒட்சிசன், ஹைட்ரஜன் ஐதரசன், நைட்ரஜன் நைதரசன். யாழ்ப்பாணத்துப் பாட வீடியோவைப் பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் நிறைய, அதில் மூலகத்தையும் மூலக்கூறையும் மாற்றிக் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒலி ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

பரீட்சையில் வட்டம் வட்டமாகப் படம் கொடுத்துக் கேட்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எந்தெந்த வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று பாருங்கள், தொடுகிற கூட்டம் ஒவ்வொன்றும் ஒரு மூலக்கூறு. அப்புறம் ஒரு கூட்டத்துக்குள் எத்தனை நிறம் என்று பாருங்கள். ஒரே நிறம், தனிமம். இரண்டு நிறம், சேர்மம். இதைச் செய்யாமல் கட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு "ரெண்டு கலர் இருக்கு, சேர்மம்" என்று எழுதித்தான் மதிப்பெண் போகிறது. கட்டத்தில் இரண்டு சிவப்பு தொட்டபடி ஒரு பக்கம், இரண்டு நீலம் தொட்டபடி இன்னொரு பக்கம் இருந்தால் அது இரண்டு தனிமங்களின் கலவை, அங்கே சேர்மம் ஒன்றுகூட இல்லை.